ஃபேக்டரி ரிம்மில் அகல டயர் போடலாமா? டன்லப் வாழ்க்கையில் இருக்கு பதில்!

பிக்-அப் வாங்கிய சில மாதங்களிலேயே பலருக்கும் வருகிற ஆசை, டயரைக் கொஞ்சம் பெருசாக்கணும் என்பது. ரிம் கம்பெனியில் வந்ததே இருக்கட்டும், அதன் மேல் அகலமான ஆல்-டெரெய்ன் டயரை மட்டும் மாத்திக்கலாம், செலவு மிச்சம் என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் எல்லா அகல டயரும் எல்லா ரிம்மிலும் சரியாக உட்காராது. இந்தத் தலைவலி இன்று நேற்று வந்ததல்ல. காற்றடைத்த டயர் சந்தைக்கு வந்த நாளிலிருந்தே இருக்கிறது. அந்த டயருக்குப் பெயர் கொடுத்தவர் ஜான் பாய்ட் டன்லப். இத்தனைக்கும் அவர் இன்ஜினீயர்கூட இல்லை, கால்நடை மருத்துவர்!

ஸ்காட்லாந்தின் ட்ரெகார்ன் என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் 1840 பிப்ரவரி 5 அன்று பிறந்தார் டன்லப். எடின்பரோவில் படித்து 19 வயதிலேயே கால்நடை மருத்துவராகிவிட்டார். 1867-ல் அயர்லாந்துக்குப் போனவர், பிறகு பெல்ஃபாஸ்ட் நகரில் மருத்துவமனை நடத்தினார். நல்ல வருமானம், நல்ல பெயர். டயர் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் அப்படியே ஓய்வு பெற்றிருப்பார்.

1887-ல் அவருடைய மகன் ஜானிக்கு பத்து வயதை ஒட்டி இருக்கும். பையனிடம் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து சைக்கிள் சக்கரம் என்றால் ரிம்மைச் சுற்றி ஒல்லியான, கெட்டியான ரப்பர் பட்டைதான். பெல்ஃபாஸ்டின் கல் பாவிய தெருக்களில் ஓட்டினால் உடம்பே ஆடிப்போகும். டன்லப்புக்கு ரப்பரோடு ஏற்கெனவே பழக்கம் உண்டு. சுமார் 96 செ.மீ. விட்டமுள்ள மரத்தட்டு ஒன்றை எடுத்தார். மெல்லிய ரப்பர் ஷீட்டில் டியூப் செய்து அதைச் சுற்றி வைத்து, மேலே துணியால் இழுத்துக்கட்டி, பம்ப் வைத்துக் காற்றடித்தார். வீட்டு முற்றத்தில் சைக்கிளின் பழைய சக்கரத்தையும் இதையும் உருட்டிவிட்டுப் பார்த்தார். பழைய சக்கரம் பாதியிலேயே சாய்ந்தது. காற்றடைத்தது முற்றத்தைக் கடந்துபோய் கேட் கம்பத்தில் மோதித் திரும்பியது.

1888 ஜூலை 23-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே ஆண்டு டிசம்பர் 7-ல் கிடைத்தும்விட்டது.

சைக்கிளுக்குள் நுழையாத டயர்

இங்கேதான் நம்ம பிக்-அப் பிரச்சினையின் முதல் பாதி வருகிறது. டன்லப் டயர் பழைய ரப்பர் பட்டையைவிட ரொம்பவே தடிமன். அப்போதிருந்த சைக்கிள்களின் முன் ஃபோர்க்குக்குள் அது நுழையாது. அதனால் பெல்ஃபாஸ்டில் இருந்த எட்லின் நிறுவனம், இந்த டயருக்கென்றே அகலமான ஃபோர்க் வைத்த சைக்கிள்களைத் தயாரித்தது. அகல டயர் போட்டுவிட்டு ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் ஃபெண்டரில் உரசுகிறதே, அதற்கு இவர்கள்தான் சீனியர்.

1889 மே 18. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் சைக்கிள் பந்தயம். வில்லி ஹ்யூம் என்ற வீரர் இந்தக் குண்டு டயரோடு வந்து நின்றபோது கூட்டம் சிரித்தது. அன்றைக்கு நான்கு பந்தயங்களையும் அவரே ஜெயித்தார். தோற்றவர்களில் ஹார்வி டு க்ராஸ் என்ற தொழிலதிபரின் மகன்களும் உண்டு. அப்பா கோபப்படவில்லை, வியாபார வாய்ப்பைப் பார்த்தார். அந்த ஆண்டே டப்ளினில் டு க்ராஸ் தலைமையில் டயர் நிறுவனம் பிறந்தது. டன்லப் தன் காப்புரிமையை அதற்கு எழுதிக் கொடுத்து பங்குகளை வாங்கிக்கொண்டார்.

அடுத்த அடி சீக்கிரமே விழுந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். லண்டனில் குதிரை வண்டிகளில் மாட்டி ஓட்டியும் காட்டியிருந்தார். அப்போது ரப்பர் விலை அதிகம், சைக்கிளும் வரவில்லை. உலகம் மறந்துவிட்டது. டன்லப்புக்கும் அது தெரியாது. ஆனால் சட்டத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை. அவருடைய காப்புரிமை செல்லாது என்று ஆகிவிட்டது.

கம்பெனியைக் காப்பாற்றிய ரிம்

என் பார்வையில் இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் இதற்குப் பிறகுதான். டன்லப் டயரில் பெரிய குறை ஒன்று இருந்தது. டயரைத் துணியால் சுற்றி ரிம்மோடு ஒட்டியிருப்பார்கள். பஞ்சரானால் எல்லாவற்றையும் பிரித்து, ஒட்டி, காய வைக்க வேண்டும். சீக்கிரம் ஆகிற வேலை இல்லை. பிரான்ஸில் மிச்செலின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரை உருவாக்கக் காரணமே, அவர்கள் பட்டறைக்கு வந்த ஒரு பஞ்சரான டன்லப் டயர்தான்.

1890-ல் இரண்டு பேர் தனித்தனியாக வழி கண்டுபிடித்தார்கள். டயரின் உள் விளிம்பில் நீளாத கம்பி வளையம், ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம். இது சார்லஸ் வெல்ச் யோசனை. டயரின் விளிம்பு ரிம்மின் கொக்கிபோன்ற ஓரத்தில் மாட்டிக்கொள்வது வில்லியம் பார்ட்லெட் முறை. டு க்ராஸ் இரண்டு காப்புரிமைகளையும் வாங்கிப்போட்டார். காற்றுக்கான காப்புரிமை போனபின் நிறுவனத்தை நிற்க வைத்தது, டயரும் ரிம்மும் சேரும் இடத்துக்கான காப்புரிமைகள்!

இன்றைய கார், பிக்-அப் டயர்களும் அடிப்படையில் வெல்ச் வழியில்தான் உட்காருகின்றன. அந்த உள் விளிம்பைத்தான் பீட் என்கிறோம். காற்றின் அழுத்தம் பீட்டை ரிம் ஓரத்தில் அழுத்திப் பிடிக்கிறது. அதனால் ஒவ்வொரு டயர் அளவுக்கும் இந்த அகலத்திலிருந்து இந்த அகலம் வரையுள்ள ரிம் என்று ஒரு வரம்பு உண்டு. உதாரணமாக 285/70 ஆர்17 டயருக்குக் குறைந்தது 7.5 இன்ச், அதிகபட்சம் 9 இன்ச் அகல ரிம் வேண்டும். 7 இன்ச் ரிம்மிலும் மாட்டிவிடலாம், காற்றும் நிற்கும். ஆனால் பக்கச் சுவர் பிதுங்கும், தரையில் படும் பகுதி நடுவில் மேடாகி அங்கேயே சீக்கிரம் தேயும், வளைவில் வண்டி தள்ளாடும். மணலுக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டினால் பீட் கழன்றுவிடும் ஆபத்தும் கூடுதல். ரிம்மில் 7.5ஜே மாதிரி பொறித்திருப்பார்கள். கடைக்குப் போகும் முன் அதைப் பாருங்க.

இன்னொன்று, 265/65 ஆர்17 இருந்த இடத்தில் 285/70 ஆர்17 போட்டால் டயரின் உயரம் சுமார் 54 மி.மீ. கூடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 107-ஐ ஒட்டிப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

டன்லப்புக்கு வருவோம். 1890-களின் நடுவில் அவர் நிறுவனத்தைவிட்டு விலகிவிட்டார். 1896-ல் அது 30 லட்சம் பவுண்டுக்குக் கைமாறி, உடனே 50 லட்சம் பவுண்டுக்குச் சந்தைக்கு வந்தது. அந்தப் பணமழையில் அவருக்குப் பங்கில்லை. டப்ளினில் துணிக்கடை வியாபாரத்தில் ஈடுபட்டு அமைதியாக வாழ்ந்தவர், 1921 அக்டோபர் 23-ல் காலமானார். அவர் எழுதிவைத்த டயர் வரலாற்றை மகள் 1924-ல் புத்தகமாக வெளியிட்டார். வடக்கு அயர்லாந்தின் 10 பவுண்டு நோட்டில் அவர் தாடி முகம் இடம்பெற்றது. நம்ம அம்பத்தூரிலும் டன்லப் பெயரில் டயர் தொழிற்சாலை இருந்தது. அவர் விலகிய பிறகு, அந்தப் பெயரில் விற்ற டயர்களின் பணமெல்லாம் அவருக்குச் சொந்தமில்லாத கம்பெனியின் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது.