எல்.கே.ஜி. இல்லாத காலத்து சி.வி.ராமன்: திருவானைக்காவல் வீட்டில் என்ன இருந்தது?

மூணு வயசு ஆனதுமே எந்த ஸ்கூல், என்ன கிளாஸ் என்று பெற்றோர் பதறும் காலம் இது. 1888 நவம்பர் 7-ம் தேதி, ஸ்ரீரங்கம் தீவில் உள்ள திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமனுக்கு எல்.கே.ஜி.யும் இல்லை, ஃப்ளாஷ் கார்டும் இல்லை. அப்போ, அவர் வளர்ந்த வீட்டில் என்னதான் இருந்தது?

புத்தகமும் வயலினும்

அப்பா சந்திரசேகர ஐயர் அப்போது திருச்சியில் பள்ளி ஆசிரியர். சொற்ப சம்பளம், எட்டுப் பிள்ளைகள். ராமன் இரண்டாமவர். காசு கம்மிதான். ஆனால் அப்பாவுக்குக் கணிதத்திலும் இயற்பியலிலும் ஆர்வம், வயலினும் வாசிப்பார். அம்மா பார்வதி அம்மாள் சம்ஸ்கிருத அறிஞரின் மகள்.

1892-ல் அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. நான்கு வயது ராமனும் குடும்பத்தோடு கிளம்பினார். ஊர் மாறியது, வீட்டுச் சூழல் மாறவில்லை.

வீட்டுச் சத்தம் ஆய்வான கதை

11 வயதில் மெட்ரிகுலேஷன். 1904-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முதலிடம். 1907-ல் கொல்கத்தாவில் அரசு நிதித்துறை வேலை. ஆபீஸுக்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடம்தான். அங்கே அவர் ஆராய்ந்தவற்றில் வயலின் தந்தியின் அதிர்வும் ஒன்று. வீணை, மிருதங்கம், தபேலாவையும் விடவில்லை. 1917-ல் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, குறைந்த ஊதியத்துக்குப் பேராசிரியர் ஆனார். 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல். 1970 நவம்பர் 21-ல் பெங்களூருவில் மறைந்தார்.

எல்லாம் வளர்ப்பால்தானா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒருவர் வாழ்க்கை ஆதாரம் ஆகாது. படித்த அப்பா, வீட்டில் புத்தகம் என்பதெல்லாம் அன்று பெரும்பாலான பிள்ளைகளுக்கு எட்டாத வசதி.

ஆனால் 1960-களில் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் கண்டது கவனிக்க வேண்டியது. வெறும் கண்டிப்பு, வெறும் செல்லம் இரண்டையும்விட, அன்போடு காரணம் சொல்லி எல்லை வகுக்கும் வீட்டுக் குழந்தைகள் தன்னம்பிக்கையும் சுயகட்டுப்பாடும் கொண்டிருந்தார்கள்.

ராமன் வீட்டுக் கதை இதோடு சேர்த்துச் சொல்வது இன்னொன்று. ஐந்து வயதுக்குள் பிள்ளைகள் பாடத்தைவிட வீட்டில் பெரியவர்கள் ஆசையாகச் செய்வதைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். கிளாஸ் ஃபீஸ் கட்ட முடியாத வீட்டிலும், தினம் கால்மணி நேரம் குழந்தையை மடியில் வைத்து ஒரு கதை படிக்கலாம், ஒரு பாட்டுப் பாடலாம்.