பாதியில் நிற்காத கணக்கு

ஜாவாவில் ஸ்பிரிங் வைத்து ப்ராஜெக்ட் பண்ணுகிற நாம் எல்லோரும் மெத்தடின் தலையில் ட்ரான்சாக்ஷனல் என்று ஒரே ஒரு வார்த்தை போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். அந்த ஒற்றை வார்த்தைக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. எடிசன், ராமானுஜன் வரலாறெல்லாம் எல்லா மலரிலும் வந்தாச்சு. இந்த வருடம் ஜிம் கிரே பற்றிச் சொல்ல எனக்கு ஆசை.

1944 ஜனவரி 12-ல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். அம்மா ஆசிரியை. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1966-ல் பட்டம் வாங்கினார். 1969-ல் அங்கே கணினி அறிவியல் துறை கொடுத்த முதல் டாக்டர் பட்டமே இவருக்குத்தான்.

எழுபதுகளில் ஐபிஎம் நிறுவனத்தின் சான்ஹோசே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். சிஸ்டம் ஆர் என்ற டேட்டாபேஸ் அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. அவர்கள் முன் இருந்த சிக்கலை நம்ம ஊர் பாஷையில் சொல்கிறேன். உங்கள் கணக்கில் 500 ரூபாய் கழித்தாச்சு, நண்பன் கணக்கில் ஏற்றணும், அந்த நேரம் பார்த்து கரண்ட் போச்சு! அந்த 500 எங்கே? கிரேயும் தோழர்களும் கண்ட வழி இது: எதை மாற்றப்போகிறோமோ அதை முதலில் லாகில் எழுதி வை, அப்புறம் மாற்று. மின்சாரம் திரும்பியதும் லாகைப் படித்து, முடிந்த வேலையை நிலைநிறுத்து, முடியாததை அழித்துவிடு. வேலை முழுசாக நடக்கணும், இல்லையா, நடக்கவே இல்லை என்று ஆகணும். ஒரே பதிவை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1976-ல் மூன்று பேரோடு சேர்ந்து லாக்கிங் பற்றிய கட்டுரை வெளியிட்டார். நாம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணும் ஆசிட் என்ற பெயர் மட்டும் இவர் வைத்ததல்ல. 1983-ல் ஹேர்டர், ராய்டர் என்ற இரு ஜெர்மானியர்கள் வைத்தது.

பல டேட்டாபேஸ்கள் சேர்ந்து ஒரு வேலை செய்யும்போது டூ-ஃபேஸ் கமிட் என்று ஒரு முறை உண்டு. 1978-லேயே அதை விளக்கி எழுதியிருக்கிறார். ஒருங்கிணைப்பாளர் முதலில் எல்லோரிடமும் தயாரா என்று கேட்பார். எல்லோரும் தயார் என்றால்தான் கமிட். தயார் என்று சொன்ன பிறகு ஒருங்கிணைப்பாளரின் தொடர்பு அறுந்துபோனால்? முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது, காத்திருக்க வேண்டியதுதான். அந்த நிலைக்கு இன்-டவுட் என்று பெயர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் இதையெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் ஆப்ஜெக்ட்டைச் சுற்றி ப்ராக்ஸி என்ற உறை ஒன்றைப் போட்டு, அதற்குள் ட்ரான்சாக்ஷன் மேனேஜரைச் செருகிவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு இடம் கவனம். ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றை நேராகக் கூப்பிட்டால் அழைப்பு ப்ராக்ஸி வழியாகப் போகாது, கூப்பிடப்பட்ட மெத்தடின் தலையில் எழுதியது வேலை செய்யாது. அடுத்தது, ரன்டைம் எக்ஸெப்ஷன் வந்தால்தான் தானாக ரோல்பேக். ஐஓ எக்ஸெப்ஷன் மாதிரி செக்டு வகை வெளியே வந்தால், நாம் தனியாகச் சொல்லாவிட்டால் கமிட் ஆகிவிடும்! கிரே கட்டிக் கொடுத்த பாதுகாப்பை ஒரு கன்ஃபிகரேஷன் வரியில் கோட்டை விடலாம் என்று அர்த்தம்.

இது அவருக்கும் தெரிந்த விஷயம்தான். 1980-ல் டாண்டம் நிறுவனத்துக்குப் போனார். எல்லாப் பாகத்தையும் இரட்டையாக வைத்து, நிற்காமல் ஓடும் கணினி செய்தவர்கள் அவர்கள். அப்படியும் நின்றது! ஏன் நிற்கிறது என்று வாடிக்கையாளர் இடங்களிலிருந்து வந்த பழுது அறிக்கைகளை எண்ணிப் பார்த்து 1985-ல் ஒரு அறிக்கை எழுதினார். ஹார்டுவேர் காரணம் 18 சதவீதம்தான். மென்பொருள் 25. ஆபரேட்டர் வேலை, கன்ஃபிகரேஷன், பராமரிப்பு மூன்றும் சேர்ந்து 42! என்னைக் கேட்டால் அவர் எழுதியதில் நம் மாதிரி டிப்ளமோக்காரர்கள் முதலில் படிக்க வேண்டியது இதுதான். தேடிப் பார்த்தால் மறைந்துபோகும் பிழைக்கு ஹைசன்பக் என்ற பெயரும் அதில் வருகிறது. அந்த வகைப் பிழைக்கு மருந்து, ட்ரான்சாக்ஷனை ரத்து செய்து மறுபடி ஓட்டுவது.

எண்ணிப் பார்க்கிற அந்தப் பழக்கத்தைத்தான் இப்போது அப்சர்வபிலிட்டி என்கிறார்கள். ஸ்பிரிங் பூட்டில் ஆக்சுவேட்டர் சேர்த்தால் சும்மா விட்டாலே வெப் வழியாக ஹெல்த் மட்டும் தெரியும். மெட்ரிக்ஸ் வேண்டுமென்றால் நாமே திறந்துவிடணும். ஹிகாரி பூலில் நாம் மாற்றாதவரை 10 கனெக்ஷன்தான். ஒரு ட்ரான்சாக்ஷனுக்குள் மெயில் அனுப்புகிற மாதிரி மெதுவான வேலையை வைத்தால் பத்தும் மாட்டிக்கொள்ளும். பதினோராவது ஆள் 30 வினாடி காத்திருந்து எர்ரர் வாங்கிக்கொண்டு போவான். காத்திருப்போர் எண்ணிக்கையை மெட்ரிக்ஸில் பார்த்துவிட்டால் காரணம் தேடி அலைய வேண்டாம்.

1993-ல் ராய்டருடன் சேர்ந்து ஆயிரம் பக்கத்துக்கு மேல் ட்ரான்சாக்ஷன் பற்றிப் புத்தகம் எழுதினார். 1995-ல் மைக்ரோசாஃப்ட் போனார். 1998-க்கான டூரிங் விருது கிடைத்தது. பூமியின் படங்களை எல்லோரும் பார்க்கும்படி டெர்ராசர்வர் செய்தார், பிறகு வானியலாளர்களோடு சேர்ந்து நட்சத்திரங்களுக்கு ஸ்கைசர்வர்.

2007 ஜனவரி 28. அம்மாவின் அஸ்தியைக் கடலில் கரைக்க, தன் டெனேஷியஸ் என்ற பாய்மரப் படகில் தனியாக ஃபாரலான் தீவுகள் பக்கம் புறப்பட்டார். நல்ல வானிலை. மனுஷன் திரும்பவே இல்லை. படகில் இருந்த அவசர ரேடியோ கருவியிலிருந்து ஒரு சிக்னல்கூட வரவில்லை. கடலோரக் காவல் படை நாள்கணக்கில் தேடியது. நண்பர்கள் செயற்கைக்கோள் படங்கள் வாங்கி, துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் வீட்டிலிருந்தே ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார்கள். கடலடியிலும் தேடினார்கள். ஒரு பலகைகூட அகப்படவில்லை. சட்டப்படி அவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல முடியாமல் ஐந்து வருடம் போனது, அந்த இன்-டவுட் மாதிரியே. அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவித்தது 2012-ல்.