சிசு நலனுக்கு அடித்தளமிட்ட ராஜ்குமாரி அம்ரித் கௌர்

புதுதில்லி: குறைமாதத்தில், ஒன்றரை கிலோவுக்கும் குறைந்த எடையுடன் பிறக்கும் சிசு தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. நுரையீரல் முழு வளர்ச்சி அடைந்திராது. பால் உறிஞ்சவும் வலுவிராது. ஒரு காலத்தில் விதியின் கையில் விடப்பட்ட இத்தகைய சிசுக்களைக் காக்கத் தேர்ந்த மருத்துவர்களும் செவிலியர்களும் நாட்டிலேயே உருவாக வழிவகுத்தவர்களில் முக்கியமானவர், சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர்.

கபூர்தலா அரச குடும்பத்தைச் சேர்ந்த அவர் லக்னோவில் பிறந்தார். இங்கிலாந்தில் கல்வி பயின்று தாயகம் திரும்பியபின் பொதுவாழ்வில் ஈடுபட்டார். குழந்தைத் திருமணத்தையும் பர்தா வழக்கத்தையும் எதிர்த்துப் போராடினார். அரண்மனைச் சுகங்களைத் துறந்து 16 ஆண்டுகள் காந்தியடிகளின் செயலராகப் பணியாற்றினார். விடுதலைப் போராட்டத்தில் சிறையும் சென்றார்.

1947-ம் ஆண்டு சுகாதாரத் துறைப் பொறுப்பை ஏற்றபோது அவர் முன் இருந்த சவால் பெரிது. 1937-ம் ஆண்டில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளில் 162 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்ததாக 1946-ம் ஆண்டின் போர் குழு அறிக்கை சுட்டிக்காட்டியிருந்தது. பெரும்பாலான பிரசவங்கள் வீடுகளில் நடந்தன. உயர் மருத்துவப் பயிற்சிக்கு வெளிநாடு செல்ல வேண்டிய நிலை இருந்தது.

மருத்துவ ஆசிரியர்களை இந்தியாவிலேயே உருவாக்கும் தேசிய நிறுவனம் தேவை என்பது அக்குழுவின் பரிந்துரை. அதைச் செயலாக்கும் பணியை அம்ரித் கௌர் மேற்கொண்டார். கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் நிதியுதவி கிடைத்தது. 1956-ம் ஆண்டு அவர் கொண்டுவந்த மசோதாவின் வழியே எய்ம்ஸ் தன்னாட்சி நிறுவனமாக உருவெடுத்தது. கிராமங்களில் அடிப்படை மருத்துவ வசதியே இல்லாதபோது தலைநகரில் பெரும் நிறுவனம் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் கிராமத்துக்குச் செல்லும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் கற்பிக்க ஆசிரியர்கள் வேண்டும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை.

1950-ம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவைக்குத் தலைமை வகித்த முதல் பெண்மணி என்ற பெருமையும் அவருக்கு உண்டு. இந்தியக் குழந்தைகள் நலக் கழகத்தை உருவாக்குவதிலும் முன்னின்றார். சிம்லாவிலிருந்த தமது இல்லத்தை எய்ம்ஸ் நிறுவனத்துக்கே வழங்கினார். 1964-ம் ஆண்டு பிப்ரவரி 6-ம் தேதி தில்லியில் காலமானார்.

அவர் இட்ட வித்து பின்னர் பலன் தந்தது. எய்ம்ஸின் பச்சிளம் குழந்தைகள் பிரிவு நாடெங்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி அளிக்கும் மையமாக வளர்ந்தது. எய்ம்ஸுக்கு எதிரேயுள்ள சப்தர்ஜங் மருத்துவமனையும் அவர் அமைச்சராக இருந்தபோதுதான் சுகாதார அமைச்சகத்தின் கீழ் வந்தது. பிறந்த உடனேயே எடை குறைந்த சிசுவைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறை குறித்து 5 நாடுகளில் நடந்த ஆய்வில் அம்மருத்துவமனையும் பங்கேற்றது. இம்முறையால் முதல் 28 நாள்களில் நேரும் இறப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவது 2021-ல் வெளியான முடிவுகளில் தெரியவந்தது. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது.

2023-ம் ஆண்டில் நாட்டின் சிசு இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 25 ஆகக் குறைந்தது. எனினும் பச்சிளம் சிசுக்களின் இறப்புக்குக் குறைப்பிரசவம் இன்றும் முக்கியக் காரணமாக நீடிக்கிறது. பிழைக்கும் சிசுக்களுக்கும் விழித்திரை, செவித்திறன், மூளை வளர்ச்சி ஆகியவற்றைத் தொடர்ந்து பரிசோதிப்பது அவசியம். தலைநகரில் கிடைக்கும் இக்கவனிப்பு கடைக்கோடி மாவட்டத்தில் பிறக்கும் சிசுவுக்கும் கிடைக்கும்போதுதான் அம்ரித் கௌர் தொடங்கிய பணி நிறைவுபெறும்.