விண்மீன் கண்ட பஞ்சாங்கக்காரர்

காரமடையில் பிறந்தவர்களுக்கு மாசி மகம் என்றால் அரங்கநாதர் தேர். ஆனால் அந்த மகம் வானில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அன்று மாலை கிழக்கே எழும் முழு நிலவின் அருகே ஒளிரும் வெண்ணிற மீனே மகம். பஞ்சாங்கத்தில் எழுதியிருப்பது வானிலும் அப்படியே தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற ஒருவரைப் பற்றி எழுத விழைகிறேன்.

அவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கட்டிய வான ஆய்வுக்கூடத்தில் இளமையிலேயே சேர்ந்து, ஏறக்குறைய 40 ஆண்டுகள் பணியாற்றி, முதல் உதவியாளராக உயர்ந்தார். ஒவ்வொரு மீனும் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைக் குறித்து, அதன் இடத்தைக் கணக்கிடுவதே அங்கே வேலை. சலிப்பூட்டும் வேலைதான். அந்தச் சலிப்பில்தான் அவருடைய பெருமை பிறந்தது.

தென்வானில் 'ரெடிகுலம்' என்றொரு சிறு மண்டலம் உண்டு. வலை என்று பொருள். அதிலுள்ள மீன் ஒன்று ஒரு சமயம் தெரிவதும் பின்னர் மங்கி மறைவதுமாக இருப்பதை 1867இல் அவர் கண்டறிந்தார். ஒளி மாறும் விண்மீனைக் கண்டுபிடித்த முதல் இந்தியர் அவரே என்பர். சுமார் 280 நாளுக்கு ஒருமுறை அது ஒளி மிகுகிறது. சென்னையில் அது உச்சத்தில் நிற்கும்போதும் தொடுவானுக்கு மேல் 14 பாகைதான். அந்தப் புகைமூட்டத்தினூடே பார்த்திருக்கிறார்!

அந்த மீன் வெறுங்கண்ணுக்கு எட்டாது. ஆனால் மண்டலத்தைத் தேடலாம். தை மாதம் இரவு 8 மணியளவில் தெற்கு நோக்கி நில்லுங்கள். தென்கிழக்கில் பளிச்சென்று தெரிவது அகத்திய மீன். அதற்கு வலப்புறம், இன்னும் தாழ்வாக, மங்கலான மீன்கள் சாய்சதுரமாக நிற்கும். ஊர் விளக்குகளை விட்டுத் தோட்டத்துப் பக்கம் போனால்தான் தென்படும்.

1868 ஆகஸ்டு 18 முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியில் ஆராய்ந்தார். 1871 டிசம்பர் 12 கிரகணத்தின்போது ஆய்வுக்கூடத் தலைவர் போக்சன் நம் அவிநாசியில் முகாமிட்டார். உதகைக்கும் அவிநாசிக்கும் இடையே உள்ள காரமடையும் அன்று காலை இருண்டிருக்க வேண்டும். 1872இல் இரகுநாதாச்சாரியார் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்ததை விளக்கி, உரையாடல் வடிவில் நூல் எழுதினார். ஆங்கிலத்தோடு கன்னடம், உருது முதலிய மொழிகளிலும் அது வெளிவந்தது. படித்தவர்க்கு மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாத இந்தக் குணத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிறந்த குடும்பத் தொழிலையும் அவர் விடவில்லை. பழைய வாக்கியங்களைக் கொண்டு கணித்த திதிகள், நாளடைவில் நிலவின் உண்மை நிலையிலிருந்து விலகியிருந்தன. எனவே ஆய்வுக்கூட அளவுகளுக்கு ஒத்த திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். பரம்பரைக் கணக்கைத் திருத்துவது அந்நாளில் எளிய காரியமா? இன்றும் வாக்கியமா, திருக்கணிதமா என்ற வழக்கு நம் வீட்டுத் திண்ணைகளில் ஓயவில்லை.

1880 பிப்ரவரி 5இல் அவர் காலமானார். 1899இல் ஆய்வுப் பணி கொடைக்கானலுக்கு மாறியது. நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில், தமிழ் எழுத்தும் பொறித்த கருங்கல் தூண் ஒன்று மட்டும் நிற்கிறது. ஒரு காலத்தில் தொலைநோக்கியைத் தாங்கிய தூண் அது.