மைசூரில் மக்களாட்சிக்கு வழிவகுத்த கே.சி. ரெட்டி

மைசூரு: 1947 ஆகஸ்ட் 15ஆம் தேதி நாடு விடுதலை பெற்ற பின்னரும் மைசூரு சமஸ்தானத்தில் மன்னராட்சியே நீடித்தது. மக்களுக்குப் பொறுப்பான அரசு கோரி செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்கிய ‘மைசூரு சலோ’ போராட்டத்தின் தலைவர்களில் முதன்மையானவர் கே.சி. ரெட்டி.

கோலார் மாவட்டம் கியாசம்பள்ளியில் 1902ஆம் ஆண்டு பிறந்த அவர், இப்போராட்டத்தில் கைது செய்யப்பட்டார். மைசூரு நகரில் மாணவர் ராமசாமி துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அக்ரஹாரம் பகுதியை ஒட்டிய ராமசாமி சர்க்கிள் இன்றும் அம்மாணவரின் பெயரைத் தாங்கியுள்ளது.

போராட்டம் வலுத்ததையடுத்து மன்னர் ஜெயசாமராஜ உடையாரும் திவான் ஆற்காடு ராமசாமி முதலியாரும் உடன்பாட்டுக்கு இணங்கினர். சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட ரெட்டி, அக்டோபர் 25ஆம் தேதி மைசூரின் முதல் முதலமைச்சரானார். 1952 வரை அப்பதவி வகித்த அவர், பின்னர் மத்திய அமைச்சராகவும் மத்தியப் பிரதேச ஆளுநராகவும் பணியாற்றி 1976இல் காலமானார்.