ஆதார் வழக்கில் ஜெயித்த 1962 தீர்ப்பு: யார் இந்த சுப்பா ராவ்?

சிம் கார்டு வாங்க ஆதார் கட்டாயம்னு இன்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. அதற்கு விதை போட்டவர் நீதிபதி கோகா சுப்பா ராவ்.

1902-ல் ராஜமுந்திரியில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்தவர். 1948-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. 1958-ல் டெல்லி உச்ச நீதிமன்றம்.

உத்தரப் பிரதேசத்தில், கொள்ளை வழக்கில் சாட்சியம் இல்லாமல் விடுவிக்கப்பட்ட கரக் சிங்கின் வீட்டுக்கதவை போலீஸ் நள்ளிரவில் தட்டியது. 1962-ல் உச்ச நீதிமன்றம் அந்த இரவுச் சோதனையைத் தடுத்தது. ஆனால் தனியுரிமை அடிப்படை உரிமை இல்லை என்றனர் 4 நீதிபதிகள். சுப்பா ராவும் ஜே.சி. ஷாவும் ஒத்துக்கல. கண்காணிப்புக்கு நடுவே நடமாடுவது சுதந்திரமே இல்லை என்றார் சுப்பா ராவ்.

1966-ல் தலைமை நீதிபதியானார். 1967-ல் பதவி விலகி, குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜாகிர் உசேனிடம் தோற்றார். 1976-ல் மறைந்தார்.

2017 ஆகஸ்ட் 24-ல், ஆதாரை எதிர்த்த வழக்கில் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றனர். அதன் அடிப்படையில்தான் 2018 ஆதார் தீர்ப்பு வந்தது. 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

ஆனால் அந்தச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு விலக்கு தரவும் வழி வைத்திருக்கு. சுப்பா ராவ் எழுப்பிய கேள்வி இன்னும் முடியல.