மாரிஸ் ஸ்டோக்ஸ்: மூன்று ஆண்டு ஆட்டம், பன்னிரண்டு ஆண்டுப் போராட்டம்

மாலையில் நம் வளாகத்து பேஸ்கட்பால் கோர்ட்டில் ஆடும் பிள்ளைகளைக் கேட்டால் மைக்கேல் ஜோர்டான், லெப்ரான் ஜேம்ஸ் என்று பெயர்களை அடுக்குவார்கள். மாரிஸ் ஸ்டோக்ஸை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் அவர் ஆடியது 3 சீசன்தான். ஆனாலும் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது.

1933 ஜூன் 17 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில், ராங்கின் என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா இரும்பாலைத் தொழிலாளி. மாரிஸுக்கு 8 வயதானபோது குடும்பம் பக்கத்திலுள்ள பிட்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வெஸ்டிங்ஹவுஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு, லொரெட்டோ என்ற ஊரிலுள்ள செயின்ட் பிரான்சிஸ் கல்லூரியில் சேர்ந்தார்.

பெரிய பல்கலைக்கழகங்களுக்கு நடுவே அது பெயர் தெரியாத கல்லூரி. அதன் பெயரை நாட்டுக்கே தெரிய வைத்தவர் ஸ்டோக்ஸ். 1955-ல் நியூயார்க்கில் நடந்த தேசிய அழைப்புப் போட்டியில் செயின்ட் பிரான்சிஸ் அணி நான்காவது இடம்தான் பெற்றது. ஆனால் தொடரின் சிறந்த வீரர் விருது ஸ்டோக்ஸுக்குக் கிடைத்தது. நான்காம் இடம் வந்த அணியின் வீரருக்கு இந்த விருது கிடைப்பது அபூர்வம்.

அதே ஆண்டு ரோசெஸ்டர் ராயல்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. உயரம் 6 அடி 7 அங்குலம், அதற்கேற்ற கனமான உடல். ஆனாலும் குள்ளமான ஆட்டக்காரர்களைப் போலப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவார், சரியான ஆளுக்குத் தள்ளிவிடுவார். முதல் ஆட்டத்திலேயே 32 புள்ளிகள், 20 ரீபவுண்டுகள். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைத் தாவிப் பிடிப்பதுதான் ரீபவுண்ட். அந்த சீசனின் சிறந்த புதுமுக வீரர் அவர்தான். அடுத்த சீசனில் 1,256 ரீபவுண்டுகள் எடுத்து லீக்கின் சாதனையை முறியடித்தார். 1957-ல் அணி சின்சினாட்டி நகருக்கு மாறியது.

1958 மார்ச் 12. மினியாபோலிஸில் வழக்கமான சீசனின் கடைசி ஆட்டம். வளையத்தை நோக்கிப் பாய்ந்த ஸ்டோக்ஸ் மோதலில் நிலை தடுமாறி விழுந்தார். தலை தரையில் மோதி நினைவு தப்பியது. மயக்கம் தெளிவிக்கும் உப்பை மூக்கருகே காட்டி எழுப்பினார்கள். எழுந்தவர் மறுபடி ஆடப் போய்விட்டார். 3 நாள் கழித்து டெட்ராய்ட் அணிக்கு எதிராகவும் ஆடி, 12 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் எடுத்தார். ஊர் திரும்பும் விமானத்தில் உடல்நிலை மோசமானது. வலிப்பு வந்து, பிறகு கோமா. நினைவு திரும்பியபோது உடல் செயலிழந்திருந்தது, பேச்சும் இல்லை. மனம் மட்டும் தெளிவாக இருந்தது. வயது 24.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தலையில் அடிபட்டால் எழுந்து நின்றுவிட்டோம் என்பதற்காக ஆட்டத்தைத் தொடராதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள். இதற்கென என்.பி.ஏ. ஒரு முறையான விதியைக் கொண்டுவந்ததே 2011-ல்தான்.

அந்தக் காலத்து வீரர்களுக்கு இன்றைய கோடிகள் கிடையாது. ஓய்வூதியமும் இல்லை. மருத்துவச் செலவைத் தாங்கும் வசதி குடும்பத்துக்கு இல்லை. வங்கியில் ஸ்டோக்ஸின் சொந்தப் பணம் கொஞ்சம் இருந்தும், அவரால் கையெழுத்துப் போட முடியாததால் அதை எடுக்க வழியில்லை.

அப்போது முன்வந்தவர் சக வீரர் ஜாக் ட்வைமன். அவரும் பிட்ஸ்பர்க்காரர், வயது 23. ஸ்டோக்ஸ் கறுப்பினத்தவர், ட்வைமன் வெள்ளையர். 1958-ன் அமெரிக்காவில் அது சின்ன விஷயமில்லை. நீதிமன்றம் சென்று ஸ்டோக்ஸின் சட்டப்பூர்வக் காப்பாளர் ஆனார். அதாவது வங்கி, ஆஸ்பத்திரி, வழக்கு என எல்லாக் காகிதத்துக்கும் இனி அவர்தான் பொறுப்பு. (ஒரு விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னாலே நம்மில் பலர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்போம்.) ஆட்டத்தில் விழுந்ததும் வேலையில் ஏற்பட்ட விபத்துதான் என்று வாதாடி, ஒஹையோ மாநிலத்தில் தொழிலாளர் இழப்பீடு வாங்கிக் கொடுத்தார். அதுவும் போதாதபோது நிதி திரட்ட ஆண்டுதோறும் ஒரு ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ஒரு விடுதியில் நடந்த அந்த ஆட்டத்துக்கு வில்ட் சேம்பர்லேன் போன்ற நட்சத்திரங்கள் வந்து ஆடினார்கள்.

இதற்கிடையில் ட்வைமன் சொந்த ஆட்டத்தையும் விடவில்லை. 1959-60 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 31.2 புள்ளிகள் எடுத்தார்!

பேச்சில்லாத ஸ்டோக்ஸுடன் பேச ஒரு முறை கண்டுபிடித்தார்கள். ட்வைமன் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். தனக்கு வேண்டிய எழுத்து வரும்போது ஸ்டோக்ஸ் கண் சிமிட்டுவார். எழுத்து எழுத்தாகச் சேர்த்து ஒரு வாக்கியம் முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வருடக்கணக்கான பயிற்சிக்குப் பிறகு விரல்கள் ஓரளவு அசையத் தொடங்கின. டைப் செய்ய முடிந்ததும் அவர் முதலில் அடித்தது ட்வைமனுக்கு ஒரு நன்றிக் குறிப்பு.

1970 ஏப்ரல் 6 அன்று சின்சினாட்டி மருத்துவமனையில் மாரடைப்பால் ஸ்டோக்ஸ் காலமானார். வயது 36. அவர் விருப்பப்படியே செயின்ட் பிரான்சிஸ் கல்லூரி வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். அங்குள்ள விளையாட்டு அரங்கத்துக்கும் அவர் பெயர்தான்.

2004-ல் கூடைப்பந்து புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அன்று அவர் சார்பில் மேடையேறி அந்தக் கௌரவத்தைப் பெற்றுக்கொண்டவர் 70 வயது ட்வைமன். அவர் 2012-ல் மறைந்தார். மறு ஆண்டு முதல், சக வீரர்களுக்குத் துணை நிற்கும் ஒருவருக்கு ஒவ்வொரு சீசனிலும் என்.பி.ஏ. ஒரு விருது கொடுத்து வருகிறது. அதன் பெயர் ட்வைமன்–ஸ்டோக்ஸ் விருது.